ஒரே பேரில் நாற்பத்தாறு வீடு

அத்தியாயம் 17

போன வாரம் புஷ்பமேரியை ஒரு நோட்டீஸின் முன்னால் நிறுத்திவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், அவள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள்.

இந்த வாரம்தான் உள்ளே வருகிறவர்களுக்காக நாலு வரி. புஷ்பமேரி நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவள். ஐம்பத்திரண்டு வயது. வாய் கொஞ்சம் நீளம், ஆனால் தராசில் கை வைத்தால் ஒரு கிராம் பிசகாது. அவள் கடைக்கு மல்லிகை கொண்டுவருகிற நாற்பத்தாறு குடும்பங்களிடம் கிலோவுக்குப் பத்து ரூபாய் பிடித்து வைப்பாள். கார்த்திகை பிறந்து பனி இறங்கினால் செடியில் மொட்டு அற்றுப்போகும். அந்த மூன்று மாதமும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று, பிடித்ததை மொத்தமாகத் திருப்பிக் கொடுப்பாள். மார்க்கெட்டில் இதற்குப் பனிக்காசு என்று பெயர். பதினோரு வருஷமாக ஒரு பைசா குறைந்ததில்லை.

அந்தப் பனிக்காசை அவள் போட்டு வைத்த இடம் திண்டுக்கல் சாரல் சிக்கன நாணயச் சங்கம். சங்கத்தின் தலைவர் ராயப்பராஜ், அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். இப்போது ஐப்பசி கடைசி. சங்கம் ஷட்டரை இறக்கி இருபது நாள் ஆகிறது.

அரசாங்கம் கைகொடுக்க வருகிறது என்று நோட்டீஸ் வந்தது. ஒரு பேருக்கு ஒரு லட்சம் வரைக்கும் அரசாங்கமே உடனே கொடுத்துவிடும். அதற்கு மேல் இருப்பது, சங்கத்துக்கு வரவேண்டியதெல்லாம் வந்து சேர்ந்த பிறகு. அது எந்த யுகத்தில் என்று நோட்டீஸில் இல்லை.

புஷ்பமேரி நாற்பத்தாறு வீட்டுப் பணம் ஒன்பது லட்சத்தையும் ஒரே பேரில் போட்டிருந்தாள். தன் பேரில்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று நீங்கள் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கிறது. ஐந்து லட்சத்துக்கு மேல் ஒரே கணக்கில் இருந்தால் அரை சதவிகிதம் வட்டி கூட என்று அண்ணன் சொன்னார். தவிரவும், பூப்பறிக்கிற ஜனத்தை ஆதார் நகலும் போட்டோவுமாகத் திண்டுக்கல்லுக்கு இழுத்துக்கொண்டு போக யாருக்கு நேரம்? நீயே போட்டுரு மேரி என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள். யார் பேரில் என்று ஒருவரும் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை.

சனிக்கிழமை விடிந்தது. அன்று பிற்பகல் மூன்று மணிக்குத் திண்டுக்கல்லில் சங்கத்தின் உறுப்பினர் கூட்டம்.

டீக்கடை இஷாக் பாய் கிளாஸை அவள் மேஜையில் வைத்துவிட்டு நகராமல் நின்றார். அவருக்கு அந்தச் சங்கத்தில் ஒரு ரூபாய் கிடையாது. அதனால்தானோ என்னவோ கேள்வி மட்டும் அதிகம்.

"மேரிக்கா, தப்பா நெனைக்காதீக. டீத்தூளு, சீனி, கேஸு எல்லாத்துக்கும் நான் வரி கட்டுறேன். அந்தக் காச எடுத்து உங்க அண்ணன் போட்ட ஓட்டைல எதுக்கு ஊத்தணும்? எங்கடை நட்டமானா எந்தக் கவர்மெண்டு வந்து என்னன்னு கேக்கும்?"

புஷ்பமேரிக்கு எதற்கும் பதில் நாக்கு நுனியில் இருக்கும். அன்றைக்கு இல்லை. டீயைக் குடித்துவிட்டு, கிளாஸைத் திருப்பிக் கொடுத்தாள். கேட்டது நியாயம்தானே என்று அவளுக்குப் பட்டது, அதுதான் எரிச்சலாக இருந்தது.

எட்டு மணிக்கு அண்ணன் கார் வந்தது.

ராயப்பராஜைக் கெட்டவர் என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் அப்பா செத்த பிறகு தங்கையைக் கட்டிக்கொடுத்தவர் அவர். தங்கை மகள் ஜெஸ்ஸிக்கு ஞானத்தகப்பன். இந்தக் கடையை அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்துத் தந்ததும் அவர்தான். வேடசந்தூர் பக்கம் ஒரு சிநேகிதனின் நூல் மில்லுக்கு, சரியான ஈடு இல்லாமல், சங்கத்துப் பணத்தை அள்ளிக் கொடுத்ததும் அவர்தான். மில்லை மூடிவிட்டார்கள். மில்லுக்குப் பணம் போன அதே வருஷம் மரியநாதபுரத்தில் அவர் வீடு மூன்று மாடியாக எழும்பியது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார். நாமும் கேட்டுக்கொண்டோம்.

அவர் கையில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே நாற்பத்தாறு உறுப்பினர் ஃபாரம். ஒவ்வொன்றிலும் ஒரு பூக்காரர் பெயர், ராயப்பராஜின் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. தேதி மட்டும் போன தை மாதம். நாற்பத்தாறு பேரிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி மூன்று மணிக்குள் கொண்டுவந்துவிட்டால், ரிஜிஸ்டர் அரசாங்கத்தின் கைக்குப் போவதற்குள் அந்த ஒரு கணக்கை நாற்பத்தாறாகப் பிரித்து எழுதிவிடலாம் என்றார். ஆளுக்கு ஏறக்குறைய இருபதாயிரம்தான். லட்சத்துக்கு ரொம்ப உள்ளே. பத்து நாளில் மொத்தமும் வந்துவிடும்.

பதிலுக்கு அவர் கேட்டது சின்ன விஷயம். அரசாங்க உதவியை ஏற்கிறோம் என்று கூட்டத்தில் ஒரு தீர்மானம் வரும். அதில் ஏழாவதாக ஒரு வரி இருக்கிறது: பழைய நிர்வாகக் குழுவின் மேல் எந்த நடவடிக்கையும் கோர மாட்டோம். அதை யாரும் நோண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"நான் உள்ள போனா ஒனக்கு என்ன லாபம் மேரி? ஒஞ் சனத்துக்குக் காசு வரணும். எனக்கு மானம் மிஞ்சணும். ரெண்டும் நடக்கும். நீ கைய மட்டும் தூக்கு."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், புஷ்பமேரிக்கு ஆசை வந்தது. ஒருத்தரிடமும் தலைகுனிய வேண்டாம், தான் செய்த தப்பு வெளியே தெரியாமலே போய்விடும். பையை வாங்கி வைத்துக்கொண்டாள். கார் போனது.

ஜெஸ்ஸி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பூக்காரர்களுக்கு எடைச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது, திண்டுக்கல்லில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. சனிக்கிழமைகளில் அம்மாவுக்குக் கணக்குப் பார்ப்பாள். பையைத் திறந்து ஃபாரங்களைப் புரட்டினாள், தேதியைப் பார்த்தாள், அப்படியே மூடி வைத்தாள்.

சங்கத்தின் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நாள் கணக்கும் பதிந்திருக்கும், தை மாதத்தில் இந்த நாற்பத்தாறு பேர் அங்கே இல்லை என்பது ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ வெளியே வந்தே தீரும் என்றாள். வந்தால் மாட்டுவது மாமா மட்டுமில்லை. பொய்த் தேதியில் கை வைத்த நாற்பத்தாறு பேரும் சேர்ந்து மாட்டுவார்கள்.

"இன்னிக்கி இதுல கைநாட்டு வச்சிட்டா, மாமாவுக்கு எதிரா இவுக யாரும் ஒரு நாளும் வாயத் தெறக்க முடியாதும்மா. காசு குடுத்து வாய அடைக்கிற ஆளப் பாத்திருக்கேன். இவுக காசையே இவுகளுக்குக் குடுத்து வாய அடைக்கிறாரு."

புஷ்பமேரி கொஞ்ச நேரம் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. கணவன் சேவியர் பூ வேனோடு திருச்சிக்குப் போயிருந்தார். போன் போட்டாள். "நீ என்ன சொல்றியோ அதான்" என்று வழக்கமான பதில் வந்தது. சில சமயம் அந்த மனுஷர் மேல் அவளுக்கு ஆத்திரமாக வரும். அன்றைக்கும் வந்தது.

பிறகு ஜெஸ்ஸியிடம், வந்திருக்கிற எல்லாரையும் எடை முடிந்ததும் கடைக்குப் பின்னால் வரச் சொல்லு என்றாள். பணம் அவர்களுடையது, முடிவு பண்ண நான் யார் என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

பத்து மணிக்குக் காலிச் சாக்குகளின் நடுவில் முப்பது முப்பத்தைந்து பேர் நின்றார்கள். புஷ்பமேரி சுற்றி வளைக்கவில்லை. பணம் யார் பேரில் இருக்கிறது, அதனால் என்ன ஆகும், அண்ணன் என்ன கொண்டுவந்திருக்கிறார், மகள் என்ன சொல்கிறாள், நான்கையும் வரிசையாகச் சொன்னாள். சொல்லும்போது குரல் உடையவில்லை.

முதலில் பேசியது பேச்சாயி. அரை ஏக்கர் மல்லிகையும் தேய்ந்துபோன இரண்டு முழங்காலும் உள்ள மனுஷி. கிணற்று மோட்டார் எரிந்து போய்க் கிடக்கிறது. பனிக்காசு வந்ததும் புதுக் காயில் கம்பி சுற்றிச் சரிபண்ணலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

"அப்ப எங்க பேரு அந்தச் சங்கத்துல எங்கயுமே இல்லையா?"

"இல்லக்கா."

"பதினோரு வருசமா?"

"இல்லக்கா."

பேச்சாயி அதற்கப்புறம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விதான், இங்கே எழுதினால் பக்கம் பத்தாது. கடைசியில் சடையாண்டி என்கிற பூந்தோட்டச் சம்சாரி முன்னால் வந்து தன் பேர் போட்ட ஃபாரத்தை எடுத்துக்கொண்டார். தனக்குக் காசு வந்தால் போதும், உங்க அண்ணன் ஜெயிலுக்குப் போனால் என்ன, சீமைக்குப் போனால் என்ன என்றார். பின்னால் பத்துப் பேர் ஆமாம் போட்டார்கள். ஜெஸ்ஸி கேஸ், கோர்ட் என்று ஆரம்பித்ததும், "காசு வராமப் போனா நீ தருவியா தாயி?" என்றார். சடையாண்டி ஃபாரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் பேச்சாயி மறுபடி வாயைத் திறந்தாள்.

"ஆறு வருசத்துக்கு முன்னாடி ஒருத்தன் வந்து வை ஆத்தான்னு சொன்னான், கைநாட்டு வச்சேன். எம் பேர்ல மாட்டு லோன் வாங்கிட்டான். கண்ணுல காணாத மாட்டுக்கு மூணு வருசம் தவணை கட்டுனவ நான். இது எங்காசு. எங்காச வாங்குறதுக்கு நான் எதுக்குப் பொய்த் தேதில கை வைக்கணும்?" ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள். "எங்க வீட்டுக் கம்பில இந்த வருசத்துச் சீட்டு அம்புட்டும் குத்தி வச்சிருக்கேன். அதுல இல்லாத எம் பேரா?"

ஜெஸ்ஸி நிமிர்ந்து பார்த்தாள்.

பூப் போடுகிறவர்களுக்கு அன்றாடம் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். பேர், தேதி, எத்தனை கிலோ, என்ன விலை, கமிஷன் எவ்வளவு, பனிக்காசு எவ்வளவு. வீட்டில் ஒரு கொக்கிக் கம்பியில் அதைக் குத்தித் தொங்கவிடுவது எல்லார் வழக்கமும். யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை, யாரும் தூக்கிப் போடுவதுமில்லை. அந்த ஒன்பது லட்சம் யாருடையது என்று எழுதின உண்மையான காகிதம் நாற்பத்தாறு வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

கம்பியோடு கொண்டுவாருங்கள் என்றாள் ஜெஸ்ஸி. பக்கத்து ஊர்க்காரர்கள் மொபெட்டை முடுக்கினார்கள். ஒரு மணிக்குள் முப்பத்தொரு கம்பி வந்துவிட்டது. சடையாண்டி போகவும் இல்லை, கொண்டுவரவும் இல்லை. ஆனால் செம்பட்டி வழி பஸ்ஸில் எல்லாரோடும் ஏறிக்கொண்டார்.

பழனி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். நேற்றைக்கு நடந்த கல்யாணத்தின் பூ வளைவு இன்னும் வாசலில் வாடிக்கிடந்தது. செவ்வந்தி, கிலோ நூற்றிருபதுக்கு மேல் போகாது என்று புஷ்பமேரியின் கண் தன்னால் விலை போட்டது. உள்ளே முந்நூறு நாற்காலி, முந்நூறு முகம். பென்ஷன் வாங்கின வாத்தியார்கள், தையல் கடைக்காரர்கள், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தவர்கள். பூக்காரர்கள் உறுப்பினர் இல்லை என்பதால் அவர்களைப் பின்சுவரோரம் நிற்கவைத்தார்கள்.

மேடையில் ராயப்பராஜும், கூட்டுறவுத் துறை அனுப்பின தனி அலுவலர் அறிவுச்செல்வியும். நாற்பது வயது இருக்கும் அந்த அம்மாளுக்கு. ஒரு பேனாவும் ஒரு தண்ணீர் பாட்டிலும் தவிர முன்னால் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

ராயப்பராஜ் தீர்மானத்தை வாசித்தார். கண்ணீர் கூட விட்டார். அரசாங்கம் நம்மைக் கைவிடவில்லை, ஆண்டவரும் கைவிடவில்லை என்றார். ஏழாவது வரி வந்தபோது குரல் கொஞ்சம் வேகம் எடுத்தது. வாசித்து முடித்துவிட்டு, சம்மதம் என்பவர்கள் கையைத் தூக்கலாம் என்று தங்கையைப் பார்த்தார்.

தங்கை எழுந்து நின்றாள். கையைத் தூக்கவில்லை.

"மேடம், கவர்மெண்டு எதுக்கு வரணும்னு காலையில ஒரு டீக்கடை பாய் கேட்டாரு. அவரு காசு இதுல ஒரு ரூவா இல்ல. அப்ப எனக்குப் பதில் தெரியல, இப்பச் சொல்றேன். வரணும். சங்கத்துப் போர்டுல அரசுப் பதிவு பெற்றதுன்னு போட்டுருக்கு. வருசா வருசம் கவர்மெண்டு ஆளு வந்து கணக்கப் பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனாக. அதப் பாத்துத்தான நாங்க போட்டோம்? அதனால வந்துதான் ஆகணும். எங்களுக்குத் தருமம் பண்ண வர வேணாம். கடமைக்கு வரட்டும்."

அவள் நிறுத்தவில்லை.

"ஆனா வர்ற காசுல அந்த பாயோட வரியும் இருக்கு. அவரு காசு உள்ள வரணும்னா, ஓட்டை போட்டவுக வீட்டுக் காசு அதுக்கு முன்னால வரணும். ஏழாவது வரி இருந்தா அது வராது. அத அடிச்சிட்டுத் தீர்மானத்தப் போடுங்க. எல்லாரும் கையத் தூக்குறோம்."

ராயப்பராஜ் சட்டென்று மைக்கைப் பிடித்தார். ஏழாவது வரி இல்லையென்றால் அரசாங்கம் திரும்பிப் போய்விடும், ஒருத்தருக்கும் ஒரு பைசா வராது என்று பயமுறுத்தினார். முன்வரிசையில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் பாவம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அறிவுச்செல்வி பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏழாவது நாங்க கேட்டதில்ல. உங்க சங்கத்துல எழுதினது. அது இருந்தாலும் இல்லாட்டியும் அரசாங்கம் குடுக்கிறது குடுக்கும்."

முந்நூறு நாற்காலியும் ஒருமுறை கிரீச்சிட்டது.

புஷ்பமேரி அத்தோடு உட்கார்ந்திருந்தால் அவளுக்குக் கைதட்டு கிடைத்திருக்கும். உட்காரவில்லை. தன் பேரில் இருக்கிற ஒன்பது லட்சம் தன்னுடையது இல்லை, அதோ பின்னால் நிற்கிறவர்களுடையது என்றாள். தன் தப்புதான் என்றாள். ஜெஸ்ஸி முப்பத்தொரு கம்பியையும் கொண்டுபோய் மேடை மேஜையில் வைத்தாள். ஒரு பேராக எண்ணாமல் நாற்பத்தாறு பேராக எண்ண வேண்டும், எல்லார் முன்னாலும் எண்ண வேண்டும் என்று புஷ்பமேரி கேட்டாள்.

அறிவுச்செல்வி ஒரு கம்பியை எடுத்துச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், ஆனால் மைக் அணைக்கப்படவில்லை. இதை மேலே எழுதி அனுப்பலாம், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. எழுதினால் முழுசாகத்தான் எழுத வேண்டும். அனுமதி இல்லாமல் நாற்பத்தாறு பேரிடம் பணம் பிடித்து வைத்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும். உங்கள் மேல் கேஸ் வரலாம், தெரியுமா என்று கேட்டார்.

"எழுதுங்க மேடம். மொதல்ல எம் பேர எழுதுங்க. அதுக்குக் கீழ எங்கண்ணன் பேர எழுதுங்க."

ராயப்பராஜின் முகம் கறுத்துவிட்டது. அந்த நேரத்தில்தான் அந்த மனுஷர் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். தங்கை பொய் சொல்கிறாள், அரசாங்கப் பணத்தை லட்சம் லட்சமாகக் கறக்க ஆள் பிடித்து வந்திருக்கிறாள், அந்த ஒன்பது லட்சம் அவள் சொந்தப் பணம், பின்னால் நிற்கிறவர்கள் யாரென்றே தனக்குத் தெரியாது என்றார்.

பின்சுவரோரத்திலிருந்து சடையாண்டி நடந்து வந்தார். நிதானமாகத்தான் வந்தார். மேடைக்குக் கீழே நின்று, சட்டைப்பையில் நாலாக மடித்திருந்த ஃபாரத்தை எடுத்து விரித்தார்.

"என்னைய யாருன்னே தெரியாதுங்கிறீகளே, அப்ப இதுல எம் பேர, எங்கப்பன் பேர, ஊரு பேர எழுதுனது யாருங்க?"

அறிவுச்செல்வி கையை நீட்டி வாங்கினார். தேதியைப் பார்த்தார். ராயப்பராஜ் கையில் இருந்த தீர்மானத்தை வாங்கி, அதில் அவர் கைப்பட எழுதியிருந்த திருத்தங்களின் பக்கத்தில் ஃபாரத்தை வைத்துப் பார்த்தார். ஃபாரத்தைத் தன் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். பிறகு, ஏழாவது வரியை நீக்கச் சம்மதம் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார்.

நெஞ்சைப் பிடித்த வாத்தியார்தான் முதலில் தூக்கினார். எத்தனை கை என்று நான் எண்ணவில்லை, எண்ண வேண்டியிருக்கவுமில்லை.

வாசலில் அண்ணன் காத்திருந்தார். காரில் ஏறாமல், வாடின பூ வளைவுக்குக் கீழே. கோபமாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அழுதிருந்தார், இந்தத் தடவை நிஜமாக. அதைப் பார்த்ததும் புஷ்பமேரி அவர் பக்கம் ஒரு எட்டு வைத்தாள். ஒரு நிமிஷம் அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தாள்.

"நிலக்கோட்டைக் கடை யாரு பேர்ல இருக்குன்னு ஞாபகம் இருக்கா மேரி? நாளைக்குக் காலையில ஆளு வரும். சாவியக் குடுத்துரு."

நினைப்பு நின்றுபோனது.

"நாளைக்கு எதுக்குண்ணே? ராத்திரியே இஷாக் பாய்கிட்ட சாவியக் குடுத்துட்டுப் போறேன். தராசு மட்டும் எங்காசுல வாங்குனது. அத எடுத்துக்கிறேன்."

ஜெஸ்ஸி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். செவ்வாய்க்கிழமை வக்கீலோடு ஆபீசுக்கு வாருங்கள் என்று அறிவுச்செல்வி எழுதிக் கொடுத்த தாள் அவள் பையில் இருந்தது. எந்த வக்கீல், எந்தப் பணத்தில் என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் பேச்சாயி முன்சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டாள். மடியில் சீட்டுக் கம்பி. அலுவலர் சீட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டு கம்பியை அவரவரிடமே கொடுத்துவிட்டார். புஷ்பமேரி அவள் பக்கத்தில் போய் உட்கார நினைத்தாள், தைரியம் வரவில்லை. முந்நூறு பேர் முன்னால் வந்த தைரியம் அந்த ஒரு சீட்டுக்கு வரவில்லை. செம்பட்டி தாண்டும்வரை பேச்சாயி திரும்பவே இல்லை.

அவள் ஊர் நிறுத்தம் வந்தபோது எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, புஷ்பமேரியின் சீட்டுப் பக்கம் வந்து நின்றாள்.

"எங்க காசு ஒம் பேர்ல. ஒங் கடை ஒங்கண்ணன் பேர்ல. நல்லாத்தான் இருக்கு." சிரிக்கவில்லை. "காசு வந்தாலும் சரி, வராட்டியும் சரி, இனிமே பனிக்காசு உங்கிட்ட நான் போட மாட்டேன்."

"சரிக்கா" என்றாள் புஷ்பமேரி. வேறு என்ன சொல்வது? பதினோரு வருஷம் ஒரே வார்த்தையில் இறங்கிப் போயிற்று. கண்ணைத் துடைக்கவும் தோன்றவில்லை.

பேச்சாயி இறங்கினாள். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகரும்போது ஜன்னல் கம்பியை வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள். கீழே பேச்சாயி, அந்த முழங்காலோடு பஸ் கூடவே நாலு எட்டு வைத்து வந்துகொண்டிருந்தாள்.

"நாளைக்குத் தராச எங்குன வைப்ப?"

புஷ்பமேரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"ரோட்டுலக்கா. இஷாக் பாய் கடைக்கு எதுத்தாப்புல. அஞ்சு மணிக்கு."

பேச்சாயி தலையாட்டினாளா இல்லையா என்பது பஸ்ஸிலிருந்து தெரியவில்லை.